புதுப் போனில் சார்ஜ் நிற்காவிட்டால் யார் பொறுப்பு?

பண்டிகைத் தள்ளுபடியில் ஆசையோடு வாங்கிய புது ஸ்மார்ட்போன், விடியற்காலையில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றியும் பிற்பகல் மூன்று மணிக்குள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிடுகிறது என்ற புகாரை இப்போது அநேகமாக எல்லா வீடுகளிலும் கேட்க முடிகிறது. கடைக்குப் போனால், ‘புதுப் போன் அப்படித்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நாள் பழகட்டும்’ என்கிறார்கள். அவர்கள் சொன்ன நாள்வரை பொறுத்திருந்து மறுபடி போனால், ‘ஏழு நாளுக்குள் வந்திருக்க வேண்டும், மாற்றித் தருகிற கெடு முடிந்துவிட்டது’ என்கிறார்கள். காத்திருக்கச் சொல்லும் காலம் நீண்டும், திருப்பித் தர அனுமதிக்கும் காலம் குறுகியும் இருக்கிற இந்த ஏற்பாட்டில், பதினைந்தாயிரமும் இருபதாயிரமும் கொடுத்து வாங்கியவருடைய நியாயம் சத்தமில்லாமல் நசுங்கிப் போகிறது.

ஒரு காலத்தில் செல்போனில் சார்ஜ் தீர்ந்தால் இரண்டொரு அழைப்புகள் தவறிப்போகும். அதற்குமேல் பெரிய நஷ்டம் இல்லை. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. வந்தது முதல் காய்கறிக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் பணம் போன் வழியாகவே போகிறது. ரயில் டிக்கெட்டும், வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செய்தியும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையே விட்டுவிட்ட ஒரு தலைமுறைக்கு, நடுவழியில் பேட்டரி தீர்ந்துபோவது பணப்பையைத் தொலைத்துவிட்டு நிற்பதற்குச் சமானம்.

ஜீவனமே போனை நம்பியிருப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. எங்கள் தெருவுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர் ஒருவர், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் போனைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சட்டைப்பையில் இருக்கும் பவர் பேங்கில் செருகி, வயர் காற்றில் ஆடாமலிருக்க ரப்பர் பாண்டு ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறார். போன் புதியது, பவர் பேங்க், அந்தப் போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று கண்ட பிறகு ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துத் தனியாக வாங்கியது. ஆர்டர் வந்து நிற்கும் நேரத்தில் திரை அணைந்துபோனால் அன்றைய ஊக்கத்தொகை போய்விடும் என்று அவர் சொல்லக் கேட்டபோது, அந்த ஆயிரம் ரூபாயை உண்மையில் யார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கேள்வி என் மனத்தில் எழுந்தது.

இந்த நிர்ப்பந்தத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், தொழிலாளர்களின் வருகையை நாளுக்கு இருமுறை படமெடுத்து ஒரு செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. அங்கன்வாடி ஊழியர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போஷண் டிராக்கர் செயலியில் பதிய வேண்டியிருக்கிறது. டவர் சரியாகக் கிடைக்காத ஏரிக்கரையில், சார்ஜ் இறங்கிக்கொண்டே வரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பணித்தளப் பொறுப்பாளருக்கு, இரண்டாவது படம் ஏறாவிட்டால் வெயிலில் மண் வெட்டியவர்களின் கூலிக்கே கேள்வி வந்துவிடுமே என்ற கவலை இருக்கிறது. பொழுதுபோக்குச் சாமானில் நேரும் சிறு அசௌகரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பழகும் காலமும் திருப்பும் காலமும்

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிய பிறகு, ஆயிரக்கணக்கான படங்களை இறக்கி வைப்பதும், அவற்றில் உள்ள முகங்களைப் பிரித்து அறிவதும், வாட்ஸ்அப்பின் பழைய உரையாடல்களை மீட்பதும், ஒவ்வொரு செயலியையும் அந்த யந்திரத்துக்குத் தக்கபடி சீர்செய்வதுமாகிய காரியங்கள் உடையவர் அறியாமலே உள்ளே நடந்துகொண்டிருக்கின்றன. இவை அத்தனைக்கும் சக்தி செலவாகிறது. பெரிய அப்டேட் ஏறியபின் கொஞ்ச காலத்துக்குப் பேட்டரி விரைவாகத் தீரக்கூடும், போன் சூடாகவும் கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் சொல்லியிருக்கிறது.

ஆகவே முதல் சில நாட்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு போனைப் பழிப்பது முறையாகாது. ஆனால் அந்த நியாயத்தை மறுபக்கத்துக்கும் செலுத்த வேண்டும் அல்லவா? இணைய வணிகத் தளங்களில் பெரும்பாலும் போனுக்குக் கிடைக்கும் மாற்றுக் கெடு ஏழு நாள். அதற்குள்ளும் பழுது மெய்தான் என்று சர்வீஸ் சென்டரோ, தளம் அனுப்பும் ஆளோ சான்று தர வேண்டும். பழுதா பழக்கமா என்று பிரித்தறியவே முடியாத நாட்களை வாங்கியவருக்கு விட்டுக்கொடுத்து, உண்மை துலங்கத் தொடங்கும் நாளில் கதவைச் சாத்திவிடுகிற முறையை வணிக ஒழுங்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சர்வீஸ் சென்டரில் நடப்பதையும் பார்க்க வேண்டும். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கவுண்டரில் இருப்பவர் போனை ஒரு சோதனையில் இட்டு, ‘பேட்டரி ஹெல்த் நல்லாத்தான் இருக்கு சார், நார்மல்தான், ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க’ என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். பேட்டரி நன்றாக இருக்கிறது என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். நாம் முறையிட்டது போன் முழுவதையும் பற்றி. கொள்ளளவு சற்றும் குறையாத பேட்டரியைக்கூட, கட்டுக்கு அடங்காத ஒரு மென்பொருளோ, சிக்னலைத் தேடித் தேடி ஓயாத மோடமோ அரை நாளில் காலி செய்துவிட முடியும் என்பதை அந்த இரண்டு நிமிஷச் சோதனை காட்டுவதில்லை.

ரீசெட் என்ற பரிகாரத்தின் விளைவு இன்னும் விசேஷமானது. ரீசெட் செய்த மறுகணம் மேலே சொன்ன உள்வேலைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகின்றன. ஆகையால் ‘பழகட்டும்’ என்ற காலமும் முதலிலிருந்து தொடங்குகிறது. திருப்பித் தரும் கெடுவும் வாரண்டியும் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

சார்ஜ் போகும் வழி

நம் போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலாக 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் இட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பேட்டரியின் பெரிய குணம், சும்மா வைத்திருந்தால் தன் சக்தியை எளிதில் இழக்காமை. ஒரு மாதம் கிடந்தாலும் சில சதவீதமே குறையும். ஆகவே இரவு பத்து மணிக்கு எண்பது சதவீதத்தில் மேஜைமேல் வைத்த போன், ஒருவரும் தொடாமலே காலை ஆறு மணிக்கு அறுபதில் நிற்குமானால், அந்த எட்டு மணி நேரமும் அதற்குள் ஏதோ ஒன்று விழித்திருந்து வேலை செய்திருக்கிறது என்பது நிச்சயம்.

அது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எத்தனை சதவீதம் எடுத்தது, திரை எரிந்துகொண்டிருந்தபோது எடுத்ததா, பின்னணியில் எடுத்ததா என்ற பட்டியல் வந்து நிற்கும். நாம் ஒருநாளும் திறந்தறியாத ஒரு செயலி அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கக் காண்பது, விலை குறைந்த போன்களில் சாதாரணம். கடையில் வாங்கும்போதே உள்ளே வைத்து அனுப்பப்பட்ட செயலிகளும், பூட்டிய திரையில் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும் விளம்பரப் படங்களும் வாங்கியவருடைய சக்தியையும் டேட்டாவையும் அவருடைய சம்மதமின்றியே செலவழிக்கின்றன. பத்தாயிரம் ரூபாய்ப் போன் வைத்திருப்பவருக்கு இந்தச் சுமை மற்றவர்களைவிட அதிகம் என்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

அடுத்தது சிக்னல். டவர் தூரத்தில் இருந்தாலும், கான்கிரீட் சுவர்கள் மறைத்தாலும், போன் தன் குரலை எட்டவைக்க அதிக சக்தியோடு ஒலிபரப்ப வேண்டியிருக்கிறது. 5ஜி பாதியும் 4ஜி பாதியுமாகக் கிடைக்கும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. பட்டணத்தில் ஒரு நாள் முழுதும் நின்ற சார்ஜ், சொந்த ஊருக்குப் போன அன்று மத்தியானத்திலேயே தீர்ந்துவிடுவதற்கு இதுவே பல வேளைகளில் காரணம்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் உபயோகிக்கச் சொல்கிறது. 35-ஐத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகவே குறையக்கூடும் என்று எச்சரிக்கிறது. வேலூரிலும் திருத்தணியிலும் கரூரிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நாம் பார்க்கும் செய்தி. நேர் வெயிலில், கைப்பிடியில் மாட்டிய போனில், வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வழிகாட்டும் வரைபடத்தையும் ஓடவிட்டு, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏற்றிக்கொண்டு போகிற அந்த இளைஞரிடம், ‘நீங்கள் சரியாக உபயோகிக்கவில்லை’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அவர் அந்தப் போனை வாங்கியதே அதற்காகத்தான். விற்றவர்களுக்கும் இந்த நாட்டின் மே மாதம் தெரியாததன்று.

முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும், முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி ஏற்ற வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்லி வருகிறார்கள். அவை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து வழக்கங்கள். லித்தியத்துக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை. பேட்டரியைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தனிச் செயலிகளையும் ஏற்றாமலிருப்பதே நலம். அவையும் பின்னணியில் ஓடிச் சக்தியைத் தின்பவையே.

விற்ற பிறகு மாறும் பொருள்

மிக்ஸியையோ மின்விசிறியையோ விற்றபின் விற்றவரால் அதனுள் கைவைக்க முடியாது. போனோ, நம் வீட்டு மேஜையில் கிடக்கும்போதே, தயாரித்தவர் அனுப்பும் அப்டேட் ஒன்றினால் ஓர் இரவில் வேறு குணமுடையதாக மாறிவிடக் கூடும். ஆகையால் புதுப் போனில் சார்ஜ் நிற்கவில்லை என்ற புகார் எழும்போதெல்லாம், குறை வாங்கியவரின் பழக்கத்தில்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது தவறு.

2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ வெளிவந்தபோது, அது கையில் பிடிக்க முடியாதபடி சூடாகிறது என்று உலகெங்கும் முறையீடு எழுந்தது. முதல் சில நாட்களில் பின்னணி வேலைகள் அதிகம் என்று விளக்கிய ஆப்பிள், அத்துடன் நிற்காமல், ஐ.ஓ.எஸ். 17 மென்பொருளிலேயே ஒரு பிழை இருப்பதையும், இன்ஸ்டாகிராம், உபர் போன்ற செயலிகளின் புதிய பதிப்புகள் யந்திரத்தை அளவுமீறி வேலை வாங்குவதையும் ஒப்புக்கொண்டு, அக்டோபர் முதல் வாரத்திலேயே திருத்தம் அனுப்பியது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் உரக்கப் பேசியதால் கிடைத்த அந்த விளக்கம், பன்னிரண்டாயிரம் கொடுத்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பழைய போன்களின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்து வந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஆப்பிளுக்கு இரட்டிப்பாக விதித்ததற்குக் காரணம், பேட்டரியின் ஆயுளையும் அது தேயும் விதத்தையும் வாங்குபவருக்குச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்பது. 2020-இல் பிரான்ஸும் ஆப்பிளிடம் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் வசூலித்தது.

2025 ஜனவரியில் கூகிள், பிக்ஸல் 4ஏ போன்களுக்கு அனுப்பிய அப்டேட் அவற்றில் ஒரு பகுதியின் பேட்டரிக் கொள்ளளவையே சுருக்கிவிட்டது. அளவுமீறிச் சூடாகும் அபாயத்தைத் தணிக்கவே அது என்பது பின்னர் ஆஸ்திரேலியாவில் வந்த அறிவிப்பால் தெளிவாயிற்று. உயிருக்கு ஆபத்து வராமலிருக்க அப்படிச் செய்ய நேர்ந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. காரணத்தை முதல் நாளே உடையவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியில் அச்சாகாத எண்

போன் பெட்டியின்மேல் 5,000 அல்லது 6,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் இருக்கும். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்துப் பொடி எழுத்தைக் கூர்ந்து பார்த்தால், 5,000 என்பது சராசரியாகக் கிடைக்கும் அளவு, உறுதியாகச் சொல்லத்தக்கது அதைவிட நூறு இருநூறு குறைவு என்று பல போன்களில் அச்சிட்டிருப்பது தெரியும். அந்த எண்ணும் பேட்டரியில் எவ்வளவு அடங்கும் என்பதைச் சொல்கிறதேயன்றி, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று சாமானியர் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. திரையும் சிப்பும் மென்பொருளும் மாறினால், ஒரே கொள்ளளவுள்ள இரண்டு போன்களில் ஒன்று இரவுவரை நிற்கும். மற்றொன்று மாலைக்குள் படுத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு ஒரு முத்திரைச் சீட்டு கட்டாயம். ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றினால் எத்தனை மணி, எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதும், எத்தனை முறை ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் குறையும் என்பதும் அதில் எண்ணாகவே இருக்கின்றன. 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது விதி.

நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் கைகளால் பொருத்தப்படும் மாடல்கள், பாரிஸ் நகரத்துக் கடையில் அந்தச் சீட்டோடு நிற்கின்றன. அதே மாடல் சென்னைக் கடையில் சீட்டில்லாமல் நிற்கிறது. சோதனை ஏற்கெனவே நடந்தாயிற்று, எண்ணும் கையில் இருக்கிறது. அதை இந்தியப் பெட்டியில் அச்சிடுவதற்கு ஆகும் செலவு அற்பம். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திர முத்திரை கொடுக்கும் முறையை 2006 முதலே நடத்திவரும் நம் எரிசக்தித் திறன் செயலகத்துக்கு இந்த வேலை புதியதும் அன்று.

சட்டம் தருவதும் தராததும்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் சொன்ன தரத்திலோ அளவிலோ வீரியத்திலோ குறையிருந்தால் அதைப் பழுது என்றே கொள்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை முறையற்ற வணிகம் என்று சொல்லும் அதே சட்டம், பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று நிர்ணயித்திருக்கிறது. கடையில் நேரில் வாங்கும் பலருக்கு இந்த 30 நாள் தெரியாது; கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘ஏழு நாள்’ என்பதையே சட்டமாக நம்பித் திரும்பிவிடுகிறார்கள்.

மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் வழக்குத் தொடுத்தபின் ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. பழுதைத் தீர்மானிக்கப் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருந்தும், இந்தப் போன் இத்தனை மணி நேரம் நிற்கும் என்று தயாரிப்பாளர் எங்கும் எழுத்தில் கொடுக்காதபோது, ஆய்வாளர் எதை எதனோடு ஒப்பிட்டுக் குறைவென்று சொல்வார்?

இப்போதே செய்யத்தக்கவை

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் எளிமைக்குக் குறியீடு வகுப்பது பற்றிய குழுவின் அறிக்கையை 2025 மே மாதத்தில் பெற்றிருக்கிறது. அந்தக் குறியீட்டோடு, பேட்டரி நிற்கும் மணிக்கணக்கையும் பெட்டியில் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். அதற்கான சோதனையில் ஒரு பகுதி 40 டிகிரி வெப்பத்தில் நடக்க வேண்டும். பேட்டரி குறித்த முறையீட்டுக்கு மட்டுமாவது, கடையானாலும் இணையத்தளமானாலும், மாற்றுக் கெடு 30 நாள் என்று ஒரே விதி வேண்டும். ரீசெட் செய்யச் சொல்லி அனுப்பினால் அந்த நாட்கள் கெடுவில் சேரலாகாது.

ஒவ்வோர் அப்டேட்டும் பேட்டரியை எப்படிப் பாதிக்கும் என்பதை, ஏற்றுவதற்கு முன்பே தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் திரையில் காட்ட வேண்டும். பாதித்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். உடன் வரும் செயலிகளை முற்றிலும் நீக்கும் உரிமை விலை குறைந்த போனுக்கும் பொருந்த வேண்டும்.

வாங்குபவர்கள், முதல் இரண்டு நாட்களை விட்டுவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையிலும் இரவிலும் பேட்டரிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. ஏழு நாள் கெடு முடிவதற்கு முன்பே, ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சும்மா இராமல், தளத்திலோ கடையிலோ எழுத்து மூலம் புகாரைப் பதிந்துவிட வேண்டும். சர்வீஸ் சென்டரில் வாய்ச்சொல்லை ஏற்றுத் திரும்பாமல், ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்ற குறையை எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அங்கிருந்தே அழைக்கலாம். உப்பிய பேட்டரியை மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்; அதைக் குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியும்.

அரசுத் துறைகள் தாம் கட்டாயமாக்கும் செயலிகளை, சிக்னல் இல்லாத இடத்தில் தகவலைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும்படியும், பின்னணியில் ஓயாமல் இடம் தேடாதபடியும் திருத்தி அமைக்க வேண்டும். கிராம வேலைத் திட்டத்தின் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் தரமான பவர் பேங்க் ஒன்றும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவும் வரும் நிதியாண்டின் ஒதுக்கீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும்.